குடோனில் ஓடிய கல்யாணப் படம்

கல்யாண மண்டபத்துக்குப் போனால் இப்போது பெண் மாப்பிள்ளையைப் பார்க்க முடிவதில்லை, கேமராக்காரர்களின் முதுகைத்தான் பார்க்க முடிகிறது என்று நம் வயதுக்காரர்கள் எல்லாரும் அலுத்துக்கொள்கிறோம். போன மாதம் ஒரு வரவேற்பில் பக்கத்து நாற்காலி அம்மாள் அதையே சொன்னார். நானும் தலையாட்டினேன். மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை கட்டி, காலையில் எடுத்த படத்தை மாலையிலேயே ஓட்டினார்கள். அவர் சாப்பிட எழுந்து போனார். நான் போகவில்லை. கல்யாணப் படம் எங்கே ஓடினாலும் பெண்ணின் முகத்தை ஒருமுறை சரியாகப் பார்க்காமல் என்னால் எழுந்திருக்க முடியாது. அது எப்படி வந்த பழக்கம் என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி இருந்த, தோல் பதனிடும் ஒரு டேனரியின் லைன் வீடுகளில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. தோலில் இருக்கும் முடி உதிர்வதற்காக ஊறப்போடும் குழி அது. அவருடைய விரல் நுனிகள் எப்போதும் வெந்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். சோற்றில் எலுமிச்சை ஊறுகாய் பட்டால் கையை உதறுவார்.

அம்மாவுக்கு முதலாளி வீட்டில் வேலை. நான் பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே போய்விட்டாள். முதலாளியின் ஒரே மகளைத் தூக்கி வளர்த்ததே அம்மாதான். அம்மாவுக்கு அவள் 'பாப்பா'. எனக்கு 'அக்கா'. அக்கா வேலூரில் விடுதியில் தங்கிக் காலேஜ் படித்தாள். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராகப் பின்கட்டுக்கு வந்து, அம்மா முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எண்ணெய் வை, தலை கொதிக்குது" என்பாள். எனக்கு மக்கன் பேடா வாங்கி வருவாள். காகிதத்தைப் பிரிப்பதற்குள் ஜீரா என் கை வழியாக முழங்கை வரை வழிந்துவிடும்.

படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போது வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து சம்பந்தம் வந்தது. சொந்த வீடு, மாப்பிள்ளைக்கு ஆபீஸ் உத்தியோகம், சர்ச்சில் நல்ல பெயர். "படிப்பை முடிச்சிட்டுப் பண்ணிக்கிறேம்பா" என்று அக்கா சொன்னதை அம்மா கேட்டிருக்கிறாள். "அங்க போய்ப் படிச்சிக்கோ, அவங்க ஒண்ணும் வேணாம்னு சொல்லல" என்று முதலாளி சொன்னதையும் கேட்டிருக்கிறாள்.

முதலாளிக்கு ஒரு தம்பி. அவரை எல்லாரும் சின்னய்யா என்போம். தோல் வியாபார விஷயமாக ஜெர்மனிக்குப் போனவர், ஒரு சின்னப் படக் கேமராவும் அதை ஓட்டும் மெஷினும் வாங்கி வந்திருந்தார். அண்ணன் மகள் கல்யாணத்தைத் தானே படம் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கலர் படம், ஆனால் பேசாது. அன்று முழுக்க அந்தக் கேமரா கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. சர்ச் வாசல், கேக், பந்தல், மாடு, நாய் என்று எதையும் அவர் விடவில்லை.

பின்கட்டுக்கும் வந்தார். அங்கே பிரியாணி மாஸ்டர் பாய் தம் உடைக்கிற நேரம். டேனரி ஜனங்களுக்குப் பின்கட்டில்தான் பந்தி. கேமராவைப் பார்த்ததும் பெண்கள் எல்லாரும் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்கள். "அசையணும், அசையணும், இது போட்டோ இல்ல!" என்று சின்னய்யா கத்தினார்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். சர்ச்சிலிருந்து கார் வந்து நின்றதும், உள்ளே போகாமல் பக்கவாட்டுச் சந்து வழியாக நேராகப் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். வெள்ளைப் பட்டு, தலையில் வலைத்துணி, கையில் பூச்செண்டு. அம்மா வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இழுத்துப் போய் ஏதோ சொன்னாள். ரவிக்கைக் கையை மேலே தூக்கி எதையோ காட்டினாள். அம்மா குனிந்து பார்த்தாள். அப்புறம் தன் தலைப்பால் அக்காவின் கண்ணை ஒற்றி, வலைத்துணியைச் சரிசெய்து, முதுகில் கை வைத்துப் பந்தல் பக்கம் தள்ளினாள். மெதுவாகத்தான் தள்ளினாள். நான் அண்டா பக்கத்தில் நின்றதால் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அன்றைக்கு அம்மா பிரியாணி சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஃபிலிமை வெளியூருக்கு அனுப்பிக் கழுவி வாங்க மாசக்கணக்கில் ஆனது. அதற்குள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் அந்தப் படம் ஒரு பேச்சாகிவிட்டது. குழாயடியில் பெண்கள், "நான் ரெண்டு வாட்டி விழுந்திருப்பேன்", "நீ முதுகு காட்டி நின்ன, உனக்கு எங்க?" என்று சண்டை போட்டார்கள். சினிமா கொட்டகையில் யார் யாரையோ பார்த்திருக்கிறோம். நம்மை நாமே பார்ப்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அக்காவும் மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் விருந்துக்கு வருகிறார்கள். டேனரி ஜனங்களும் வரலாம்.

அம்மா அன்று காலையிலிருந்தே சரியில்லை. அரிசியை இரண்டு முறை களைந்து, கழுநீரோடு அரிசியையும் கொட்டினாள். முந்தின நாள் சின்னய்யாவிடம், "பின்கட்டுல எடுத்ததெல்லாம் வந்திருக்குதாய்யா?" என்று கேட்டிருக்கிறாள். "எல்லாம் வந்திருக்கு, நானே இன்னும் பாக்கல. நீதான் ஹீரோயின்" என்று அவர் சிரித்தாராம்.

"எனக்கு வயித்த வலி. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் அப்பாவிடம்.

"இன்னாடி இது? மொதலாளி வீட்டம்மா உன்னத்தான் மொதல்ல தேடுவாங்க. வராம இருந்தா ஏன் வரலன்னு கேப்பாங்க."

அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பதப்படுத்திய தோல்களை அடுக்கி வைக்கிற குடோனில்தான் படம். ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. மீன் எண்ணெயும் மரப்பட்டையும் கலந்த அந்த வாடைக்கு நடுவில், மாப்பிள்ளை வீட்டாருக்காகத் தெளித்த பன்னீர் வாடை. முன்வரிசையில் நாற்காலிகள். நடுவில் அக்கா. ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறு பக்கம் மாமியார், அடுத்து முதலாளியும் அவர் மனைவியும். பின்னால் பாய் விரித்து டேனரி ஜனங்கள். பிள்ளைகளை எல்லாருக்கும் முன்னால், திரைக்குக் கீழேயே தரையில் உட்கார வைத்தார்கள். அவ்வளவு கிட்டே இருந்து பார்த்தால் படம் வெறும் கலர் கலராகத்தான் தெரிந்தது. கழுத்து வலித்தது. அதனால் நான் திரும்பி உட்கார்ந்து, படம் பார்க்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். திரையின் வெளிச்சம் அவர்கள் முகத்தில் அடித்தது.

படம் பேசாததால் ஜனங்கள் பேசினார்கள். சர்ச் வாசல் வந்தபோது கொஞ்சம் அடக்கமாக இருந்தார்கள். பந்தல் வந்ததும் அடக்கம் போய்விட்டது. "டேய், நம்ம மேஸ்திரிடா! சட்டைல இஸ்திரியப் பாரு!" என்று ஒருவன் கத்த, மேஸ்திரி இருட்டில் எழுந்து நின்று கும்பிட்டார். ஒவ்வொரு ரீலும் சில நிமிஷம்தான் ஓடும். முடிந்ததும் சின்னய்யா பல்பைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார். அந்த இடைவெளியில் எல்லாரும் தாங்கள் பார்த்ததையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். முதலாளிகூடச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பின்கட்டு ரீல். பிரியாணி மாஸ்டர் மூடியைத் தூக்க, ஆவி திரையை மறைத்தது. குடோனே விசில் அடித்தது.

"மாஸ்டர், அன்னிக்கி உப்பு கம்மி!"

"மூணு வாட்டி வாங்கித் துன்னியே, அப்ப தெரியலயா? பேஜார் பண்ணாத, படத்தப் பாரு."

சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா சட்டென்று என்னை நோக்கிக் கையை நீட்டினாள். அவள் பாயின் ஓரத்தில், நாற்காலிகளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் பக்கமாக நாலடி போய்த் திரும்பித் திரையைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு பெரிதாக, வெள்ளையாக. உதடு அசைகிறது. ரவிக்கைக் கையை மேலே தூக்குகிறாள். அம்மா குனிகிறாள். கண்ணைத் துடைக்கிறாள். தள்ளுகிறாள். ரீல் முடிந்து திரை வெறும் வெள்ளையானது.

பல்பு எரிந்தது. மெஷினின் காற்றாடி மட்டும் சுற்றியது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா, என் மருமகள் உங்கிட்ட என்ன சொல்லி அழுறா? கையில என்ன காட்டுறா?"

அம்மா எழுந்து நின்றாள். முதலாளி அவளைப் பார்த்தார். அப்பா பின்வரிசையிலிருந்து பார்த்தார். காலை ஆட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, ஆட்டுவதை நிறுத்தினார். நான் அக்காவைத்தான் பார்த்தேன். நாற்காலியின் நுனிக்கு வந்து, இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு, கண் கொட்டாமல் அம்மாவையே பார்த்தாள். அவள் அம்மாவிடம் என்னவோ கெஞ்சுகிறாள் என்பது எனக்கே தெரிந்தது.

"எறும்பும்மா" என்றாள் அம்மா.

"எறும்பா?"

"பூச்செண்டுல எறும்பு இருந்திருக்குது. கார்ல வரும்போதே கையில ஏறிக் கடிச்சிடுச்சி. சின்ன வயசிலேர்ந்தே பாப்பாவுக்கு எறும்பு கடி தாங்காது. அதான் ஓடி வந்து காட்டிச்சி."

மாமியார் சிரித்துவிட்டார். "அடிப் பைத்தியமே, எறும்பு கடிச்சதுக்கா இந்த அழுகை!" என்று அக்காவின் தோளில் தட்டினார். முதலாளி சிரித்தார். குடோன் மொத்தமும் வெடித்தது. மாப்பிள்ளைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி அம்மாவைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார், நன்றி சொல்கிற மாதிரி.

"சின்னய்யா, எறும்பு சீன் இன்னொரு வாட்டி!" என்று யாரோ கத்தினார்கள். "ஒன்ஸ்மோர்!" என்று பையன்கள் தரையில் அடித்தார்கள்.

சின்னய்யாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இருங்க, ஒரு வேடிக்கை காட்டுறேன்" என்று ரீலைப் பின்பக்கமாக ஓட்டினார். தள்ளிய கை அக்காவை இழுத்தது. அம்மாவின் தலைப்பு கண்ணீரை எடுத்து மறுபடியும் கன்னத்தில் வைத்தது. தூக்கிய ரவிக்கைக் கை கீழே இறங்கியது. அக்கா முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து சந்துக்குள் போனாள். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்ப நேராக ஓட்டினார். மறுபடியும் பின்பக்கம். அன்று போட்ட அத்தனை ரீலிலும் அதற்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. அக்கா தலை குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "நெசமாவே எறும்பா?" என்று கேட்டார்.

அம்மா நின்றாள். "நகம். நாலு நகமும் பதிஞ்சி ரத்தம் கட்டியிருந்துச்சி. போட்டோக்கு சிரிக்கலன்னு கார்ல கிள்ளியிருக்கான். நான் போவ மாட்டேன், எங்கயாவது கூட்டிட்டுப் போய்டுன்னு அழுவுது. தாலி ஏறின பொண்ண நான் எங்க கூட்டிட்டுப் போவேன்?"

"நல்ல வேளை, சமாளிச்ச" என்றார் அப்பா. "நீ வாயத் திறந்திருந்தா அந்தப் பொண்ணு வாழ்க்கையும் போயிருக்கும், நம்ம சோறும் போயிருக்கும்."

அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். அக்காவின் கண் என்ன கேட்டதோ அதைச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். நானும் அப்படியே நினைத்தேன்.

அதன் பிறகு அக்கா வருவது குறைந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்தால் மாமியாரும் கூட வருவார். பின்கட்டுக்கு அவள் வருவதே இல்லை. காலேஜுக்கும் திரும்பிப் போகவில்லை. வெயில் காலத்தில்கூட முழங்கை வரை ரவிக்கை போட்டிருந்தாள். "புருஷனுக்கு அது புடிக்குமாம்" என்று முதலாளி வீட்டம்மா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாளாம்.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு வேலை நாள் பகலில் எங்கள் லைன் வீட்டு வாசலில் அக்கா வந்து நின்றாள். தன் அப்பா வீட்டுக்குப் போகாமல், பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அம்மா ஓடிப் போய்ப் பிடித்தாள். அக்கா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் அங்கே இருப்பதையே பொருட்படுத்தாமல் கேட்டாள்.

"அன்னிக்கி ஏன் எறும்புன்னு சொன்ன?"

"உன்னக் காப்பாத்தத்தான் பாப்பா. நீதானே அப்படிப் பாத்த? சொல்லிடாதன்னு கெஞ்சின மாதிரி…"

"சொல்லுன்னு கெஞ்சினேன்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"படம் போடறதுக்கு முன்னாடியே நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன். புதுசுல எல்லாம் அப்படித்தான் இருக்கும், வெளிய சொல்லாதன்னாரு. அம்மா ஜெபம் பண்ணுன்னாங்க. நான் சொன்னா யாருக்கும் அது ஒரு விஷயமா இல்ல. அன்னிக்கி அத்தனை பேர் பாத்தாங்க. படத்துலயே வந்துடுச்சி. கர்த்தரே காட்டிட்டாருன்னு நினைச்சேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த அவமானத்துலயே அவங்க என்னை அங்கயே விட்டுட்டுப் போயிருப்பாங்க. நீ எறும்புன்னுட்ட. அதுக்கப்புறம் அந்த வீட்டுல, ஒவ்வொரு வாட்டியும் அவரு அடிச்சிட்டு, 'எறும்பு கடிச்சிடுச்சா?'ன்னு கேப்பாரு."

அம்மா அழவில்லை. எழுந்து, அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்துகொண்டு, "எந்திரி" என்றாள்.

"அப்பா திருப்பி அனுப்பிடுவாரு."

"எந்திரி பாப்பா."

முதலாளி வீட்டுக்குப் போகவில்லை அம்மா. டேனரிக்குள் கூட்டிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம். முதலாளி முற்றத்தில் நின்று மேஸ்திரியோடு தோல் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நீ எப்ப வந்த? உள்ள போ, ஆபீஸ் ரூமுக்குப் போ" என்றார்.

"இங்கயே இருக்கட்டும்யா" என்றாள் அம்மா. சத்தமாகவே பேசினாள். "அன்னிக்கி படத்துல பாத்தமே, அது எறும்பு இல்ல. நான் சொன்னது பொய். மாப்பிள்ள கிள்ளினது. என்னைக் கூட்டிட்டுப் போன்னு அழுதது பாப்பா. நான்தான் தள்ளிவிட்டேன். இப்ப மூஞ்சியப் பாருங்க."

டிரம் பக்கத்தில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். குழிக்குள் நின்றிருந்த அப்பா எங்களைப் பார்த்தார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "இதை இத்தனை பேர் முன்னாடியா சொல்லணும்?" என்று கேட்டார்.

"அன்னிக்கிப் பொய்யையும் இத்தனை பேர் முன்னாடிதான்யா சொன்னேன்."

முதலாளி ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா முற்றத்தின் நடுவில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சின்னய்யாதான் எங்கிருந்தோ வந்து, அவள் பையை வாங்கிக்கொண்டு, அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருடைய முகத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை. அப்பா குழியிலிருந்து ஏறி, குழாயில் காலைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். வேலை நேரம் முடியவில்லை. இனி முடிவதற்கு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் காரில் வந்தார்கள். முதலாளி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். ஊருக்கே தெரிந்த பிறகு மகளை அனுப்ப அவரால் முடியவில்லை. ஊருக்குத் தெரிய வைத்தவளை மன்னிக்கவும் முடியவில்லை. அந்த வாரமே லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேஸ்திரி வந்தார். சொல்லும்போது அவர் அழுதார். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த மாமா வீட்டுக்குப் போனோம். அப்பா அங்கே மூட்டை தூக்கினார். அவருடைய விரல்கள் ஒரு வருஷத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன.

அக்கா விட்ட படிப்பை முடித்தாள். டீச்சர் ஆனாள். மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ரீல்களும் மெஷினும் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. சின்னய்யா அதற்குப் பிறகு படம் எடுக்கவே இல்லையாம்.

ரொம்ப வருஷம் கழித்து, என் பிள்ளைகள் பெரியவர்கள் ஆன பிறகு, அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பிள்ளைகளை உட்காரவைத்து, டேனரி முற்றத்தில் அம்மா பேசியதை நடித்துக் காட்டினாள். "உங்க ஆயா மாதிரி தைரியம் யாருக்கு வரும்? சோறு போட்டவர் முன்னாடி, அத்தனை ஆம்பிளைங்க முன்னாடி நின்னு சொன்னாங்க" என்றாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். காது மந்தம், கேட்காது என்று நினைத்தோம். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அங்க நின்னு சொன்னதை மட்டும் சொல்றியே பாப்பா" என்றாள். "நடுவுல அந்த மூணு வருசம் அந்த வீட்டுல நானா இருந்தேன்? நீதானே இருந்த."

அக்கா எழுந்து போய்க் கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இல்லை என்று சொல்லவில்லை.